சிகாகோவின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய போலந்து மக்களின் கத்தோலிக்கப் பங்குகளை, அதாவது ஒரு கோவிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் கொண்ட திருச்சபைப் பிரிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், சிகாகோவிலுள்ள இந்தப் பங்கின் பெயர் வராமல் இருக்காது. அதைப் பற்றி நண்பர்களும் பங்கு இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். இந்தப் பங்கின் கதையில் பக்தியும் அரசியலும் பணமும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொன்னால் கதை பாதிதான் விளங்கும்.

இது எங்கே இருக்கிறது? இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

சிகாகோ நகரின் வடமேற்குப் பகுதியில், நோபிள் தெருவும் எவர்கிரீன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. 1867இல் தொடங்கப்பட்டது. சிகாகோவில் போலந்து மக்களுக்கென்று உருவான முதல் பங்கு இதுதான். பின்னால் அந்த நகரில் எழுந்த பல போலிஷ் பங்குகள் இதிலிருந்து கிளை பிரிந்தவை. அதனால் இதைத் தாய்ப்பங்கு என்பார்கள்.

ஆனால் அமெரிக்காவிலேயே முதல் போலிஷ் பங்கு இதுவல்ல. அந்தப் பெருமை டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பன்னா மரியா என்ற சிற்றூருக்குப் போகிறது. சைலீசியாவிலிருந்து வந்த உழவர் குடும்பங்கள், அருட்தந்தை லியோபோல்ட் மோச்சிகெம்பாவின் தலைமையில், 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே குடியேறின. ஒரு கருவாலி மரத்தடியில்தான் முதல் திருப்பலி நடந்தது. அந்த ஊருக்கும் சிகாகோ பங்குக்கும் ஆள்வழித் தொடர்பு ஒன்று உண்டு. அது கீழே வருகிறது.

போலந்து மக்கள் ஏன் இத்தனை பேராக நாட்டை விட்டு வந்தார்கள்?

அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 என மூன்று முறை பிரஷ்யாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் (1793இல் ஆஸ்திரியா மட்டும் சேரவில்லை) அதைக் கூறு போட்டுக்கொண்டன. மறுபடி அது நாடானது 1918இல்தான். இடைப்பட்ட 123 ஆண்டுகளில் பிறந்த ஒரு போலந்துக்காரர், சட்டப்படி பிரஷ்ய அரசரின் குடியாகவோ ரஷ்ய ஜாரின் குடியாகவோ ஆஸ்திரியப் பேரரசரின் குடியாகவோ இருந்தார்.

சிகாகோவுக்கு முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிரஷ்யாவின் பகுதியைச் சேர்ந்தவர்கள். பால்டிக் கடலோரத்துக் கஷூபிய மக்களும் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து, ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதோடு 1870களில் ஜெர்மானியப் பிரதமர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராகச் சட்டங்கள் கொண்டுவந்தார். போஸ்னான் பேராயர் லெதுஹோவ்ஸ்கி 1874இல் சிறையில் அடைக்கப்பட்டார். பள்ளிகளில் போலிஷ் மொழி ஒடுக்கப்பட்டது. 1901இல் விஷெஸ்னியா என்ற ஊரில், மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில் படிக்க மாட்டோம் என்று பள்ளிப் பிள்ளைகள் மறுத்தார்கள். ஆசிரியர்கள் அவர்களைப் பிரம்பால் அடித்தார்கள். தட்டிக்கேட்ட பெற்றோர் சிலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றப் பதில்களைப் படிக்க வேண்டும். தாய்மொழியில் ஜெபிப்பதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கிய சமூகம் அது. கோவில் விஷயத்தில் அவர்கள் காட்டிய பிடிவாதத்தை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சிகாகோவில் ஏற்கெனவே கத்தோலிக்கக் கோவில்கள் இருந்தனவே. தனிப் பங்கு எதற்கு?

இருந்தன. ஆனால் அவை ஐரிஷ்காரர்களுடையவை அல்லது ஜெர்மானியர்களுடையவை. ஐரிஷ் கோவிலுக்குப் போனால் மறையுரை ஆங்கிலத்தில்; ஒன்றும் புரியாது. ஜெர்மானியர் கோவிலில் மொழி ஓரளவு புரியும். ஆனால் எந்த மொழிக்காரர்களின் ஆட்சியிலிருந்து தப்பி வந்தார்களோ, அதே மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய யாருக்கு மனம் வரும்?

அன்றைய அமெரிக்கத் திருச்சபை இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கண்ட வழி 'தேசியப் பங்கு'. வழக்கமான பங்குக்கு எல்லை தெருக்கணக்கில் இருக்கும். தேசியப் பங்குக்கு மொழிதான் எல்லை. ஒரே தெருவில் நான்கு மொழிக்காரர்கள் குடியிருந்தால் நான்கு பேரும் நான்கு பங்குகளைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். சிகாகோவில் இரண்டு மூன்று தெருக்களுக்குள் இத்தனை பெரிய கோவில்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பங்கைத் தொடங்கியது யார்? ஆயரா, குருக்களா?

இரண்டு பேருமில்லை, பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாத சாதாரண மக்கள்தான். 1864இல் அந்தோனி ஷெர்மன் என்ற குடியேறியும் அவருடைய நண்பர்களும் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். நோயில் விழுந்தவருக்கு உதவுவது, இறந்தவரை மரியாதையாக அடக்கம் செய்வது, கோவில் கட்டப் பணம் சேர்ப்பது ஆகியவைதான் இத்தகைய சங்கங்களின் வேலை. சங்கம் முதலில், கோவில் பிறகு, பங்குத்தந்தை கடைசியில் என்பதுதான் அமெரிக்கா முழுவதும் பல போலிஷ் பங்குகள் உருவான வரிசை. ஒரு பங்கின் சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்த வரிசை போதும். காசு போட்டு இடம் வாங்கிக் கோவிலைக் கட்டியது மக்கள். நிர்வகிக்க வந்தவர் குரு. பத்திரமோ ஆயர் பெயரில்.

தொடக்க கால முன்னோடிகளில் இன்னொருவர் பீட்டர் கியோபாசா. பன்னா மரியாவில் குடியேறிய சைலீசியக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதலில் தெற்குப் படையிலும், பிறகு வடக்குப் படையிலும் இருந்தவர். போருக்குப் பின் சிகாகோவுக்கு வந்து, 1891இல் நகரப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்கள் நகரப் பணத்துக்கு வங்கி தரும் வட்டியைத் தாங்களே எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கியோபாசா அதை நகரத்துக்கே திருப்பிக் கொடுத்தார். 'நேர்மையான பீட்' என்று ஊரே அவரை அழைத்தது.

ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா யார்?

16ஆம் நூற்றாண்டு போலந்து இளைஞர். பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. இயேசு சபையில் சேர வீட்டார் சம்மதிக்காததால் வியன்னாவிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, ஜெர்மனி வழியாக ரோமாபுரி போய்ச் சேர்ந்தார். நவசந்நியாசியாக, அதாவது துறவறப் பயிற்சியின் தொடக்க நிலையில் இருக்கும்போதே, 1568 ஆகஸ்டு 15 அன்று, 17 வயதில் இறந்தார். 1726இல் புனிதர் பட்டம் பெற்றார். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் வந்த மக்கள் நெடும்பயணம் போன ஓர் இளைஞரைப் பாதுகாவலராகக் கொண்டது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

திருப்பலி போலிஷ் மொழியில் நடந்ததா?

இல்லை. 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை உரோமைக் கத்தோலிக்கக் கோவில்கள் எல்லாவற்றையும் போல இங்கும் பூசை லத்தீனில்தான். மறையுரை, பாவசங்கீர்த்தனம், பாடல்கள், மன்றாட்டுமாலைகள், ஞானோபதேசம் இவையெல்லாம் போலிஷ். தவக்காலத்தில் 'கோஷ்கி ஜாலே' என்ற பாடுகளின் புலம்பலைப் பாடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்சாவில் அமைந்த வழிபாடு அது. நம் ஊர்களில் பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களில் பசாம் பாடி அழுகிற வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் உணர்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அருட்தந்தை பார்ஜின்ஸ்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அவர் யார்?

வின்சென்ட் பார்ஜின்ஸ்கி 1838இல் ரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்தில் பிறந்தார். 1863இல் ஜாருக்கு எதிராக நடந்த எழுச்சியில் பங்கெடுத்து, அது தோற்றதும் நாட்டை விட்டுத் தப்பினார். பாரிஸில் இருந்தபோது உயிர்ப்பு சபையில் சேர்ந்தார். அந்தத் துறவற சபையே நாடிழந்து பாரிஸில் தங்கியிருந்த போலந்துக்காரர்களால், போக்டன் யான்ஸ்கி என்பவரின் முயற்சியால், 1836இல் உருவானதுதான். 1866இல் டெக்சாஸுக்கு அனுப்பப்பட்ட பார்ஜின்ஸ்கி, 1874இல் சிகாகோ வந்து இந்தப் பங்கின் பொறுப்பை ஏற்றார். 1899இல் இறக்கும்வரை, 25 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அவர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1871இல், சிகாகோ ஆயர் தாமஸ் ஃபோலி உயிர்ப்பு சபைத் தலைவர் கய்ஸியேவிச்சுடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். மறைமாவட்டத்திலுள்ள (ஆயரின் நிர்வாகப் பகுதியிலுள்ள) போலிஷ் பங்குகளை 99 ஆண்டுகளுக்கு அந்தச் சபை நிர்வகிக்கும் என்பது அதன் சாரம். ஆயருக்கு மொழி தெரிந்த குருக்கள் வேண்டும்; சபையிடம் அவர்கள் இருந்தார்கள். நடைமுறைக்கு ஏற்ற தீர்வுதான். ஆனால் காசு போட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

பார்ஜின்ஸ்கி சாதித்தவை ஏராளம். இப்போதைய பெரிய கோவில், பள்ளி, கல்லூரி, 1890இல் 'ஜியென்னிக் சிகாகோஸ்கி' என்ற நாளிதழ், நகரெங்கும் புதிய பங்குகள். அந்த நாளிதழ் 1971 வரை வெளிவந்தது. அவரைப்போல ஒரு நிர்மாணியை அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஏழைக் கூலிகள் இவ்வளவு பெரிய கோவிலை எப்படிக் கட்டினார்கள்?

சிறுகச் சிறுகக் கொடுத்துத்தான். தோல் பதனிடும் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாள் முழுவதும் உழைத்த ஆண்களும், தையல் வேலை பார்த்த பெண்களும் வாராவாரம் கொடுத்த பணம் அது. முதலில் இருந்தது ஒரு மரக்கட்டடம். 1877இல் தொடங்கி 1881இல் இப்போதைய செங்கல் கோவில் எழுந்தது. வடிவமைத்தவர் புரூக்ளினைச் சேர்ந்த பாட்ரிக் கீலி என்ற ஐரிஷ்காரர். நூற்றுக்கணக்கான கத்தோலிக்கக் கோவில்களைக் கட்டியவர்.

காணிக்கை மட்டும் போதவில்லை. மக்கள் தங்கள் சேமிப்பைப் பங்கிடமே கொடுத்து வைத்தார்கள். மொழி தெரியாத ஊரில் வங்கிக்காரரை நம்புவதைவிடப் பங்குத்தந்தையை நம்புவது எளிதாக இருந்தது. அந்தப் பணம் கட்டுமானத்தில் போடப்பட்டது. பார்ஜின்ஸ்கி மறைந்த பிறகு பெருங்கடன் வெளிப்பட்டது; அதை அடைக்கும் சுமை உயிர்ப்பு சபையின் தலையில் விழுந்தது. அவர் பணத்தைத் தனக்காக எடுத்துக்கொண்டவர் அல்ல. ஆனாலும், கணக்கை ஒரே ஒருவர் வைத்திருந்தால் அவர் நல்லவராகவே இருந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். எந்தப் பங்குப் பேரவையிலும் நிதிக்குழு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அக்கம்பக்கத்து ஊரிலும் இதே கதை உண்டு. மில்வாக்கியில் அருட்தந்தை வில்ஹெல்ம் குருட்சா, சிகாகோவில் இடிக்கப்பட்ட அஞ்சலக, சுங்கக் கட்டடத்தின் கற்களையும் தூண்களையும் 20,000 டாலருக்கு விலைக்கு வாங்கி, சுமார் 500 ரயில் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போய், புனித யோசபாத்து கோவிலைக் கட்டினார். 1901இல் அது அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் அந்தப் பங்கு கடனில் திணறி, 1910இல் பிரான்சிஸ்கன் சபையின் பொறுப்புக்குப் போனது.

ஒரே பங்கில் 40,000 பேர் என்பது உண்மையா?

1890களின் இறுதியில் சுமார் 8,000 குடும்பங்கள், 40,000 பேர் என்பது பங்கின் கணக்கு. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பங்கு. உலகின் பெரிய பங்குகளில் ஒன்று என்றும் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். கோவிலுக்கு இரண்டு தளங்கள். மேலே ஆறு பூசை, கீழே ஆறு பூசை, மொத்தம் பன்னிரண்டு. மேல்தளத்தில் ஒரு கூட்டம் முழந்தாளிட்டிருக்கும்போதே, அதே சுவர்களுக்குள் கீழ்த்தளத்தில் இன்னொரு கூட்டம் வழிபட்டுக்கொண்டிருக்கும். ஒரு பூசைக்கு வந்தவர்கள் வெளியேறி, அடுத்த பூசைக்கு வந்தவர்கள் உள்ளே நுழைய வேண்டும். நோபிள் தெரு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்! சுற்றுவட்டாரத்துக்கே 'ஸ்தனிஸ்வவோவோ' என்று பெயர் விழுந்துவிட்டது. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் தெருப்பெயரைச் சொல்லமாட்டார்கள். பங்கின் பெயரைத்தான் சொல்வார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு போலிஷ் கோவில் இருக்கிறதே. அது ஏன்?

இதுதான் இந்தப் பங்கின் வரலாற்றில் மிக வலிக்கும் பகுதி.

நோபிள் தெருவிலேயே தெற்கே சில நிமிட நடையில் தமத்திரித்துவக் கோவில் இருக்கிறது. 1870களின் தொடக்கத்தில், தாய்ப்பங்கில் இடம் போதாமல், மக்கள் குழு ஒன்று அதைக் கட்டியது. பார்ஜின்ஸ்கியின் பார்வையில் அது தன் பங்கின் துணைக்கோவில். கட்டியவர்களின் பார்வையில் அது தனிப் பங்கு. அதன் சொத்தும் தங்களுடையது. குருவும் உயிர்ப்பு சபையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

சொத்து விஷயத்தில் சட்டம் தெளிவாக இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் 'சிகாகோவின் கத்தோலிக்க ஆயர்' என்பதே ஒரு சட்ட நிறுவனம். அந்தப் பதவியில் இருப்பவர் ஒருவரே அந்த நிறுவனம் முழுவதும். கோவில் சொத்தெல்லாம் அதன் பெயரில்தான் எழுதப்பட வேண்டும். அமெரிக்க ஆயர்கள் இதில் உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொதுநிலை அறங்காவலர்கள் கோவில்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு குருக்களை நியமிக்கவும் நீக்கவும் முயன்ற கசப்பு அவர்களுக்கு மறக்கவில்லை. போலந்துக்காரர்களின் காதிலோ அது வேறு மாதிரி விழுந்தது. மூன்று பேரரசுகள் நிலத்தைப் பிடுங்கிய பிறகு, சொந்தக் காசில் வாங்கிய மனையையும் ஒரு வேற்றுமொழி ஆயரின் பெயருக்கு எழுதிக்கொடு என்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

இதற்குப் பின்னால் இன்னொரு பிளவும் இருந்தது. 1873இல் தொடங்கிய போலிஷ் ரோமன் கத்தோலிக்க ஒன்றியம், கத்தோலிக்க விசுவாசம் இல்லாமல் போலந்துக்காரர் இல்லை என்றது. 1880இல் தொடங்கிய போலிஷ் தேசியக் கூட்டணி, போலந்தின் விடுதலைதான் முதல் வேலை, அதற்கு உழைக்கும் யாரும் நம்மவரே என்று யூதர்களையும் மதநம்பிக்கை இல்லாதவர்களையும்கூடச் சேர்த்துக்கொண்டது. ஸ்தனிஸ்லாஸ் பங்கு முதல் தரப்பின் கோட்டை. தமத்திரித்துவப் பங்கு இரண்டாவது தரப்பின் கோட்டை. குடும்பங்களே இரண்டு பட்டன.

தமத்திரித்துவக் கோவில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. வழக்கு உரோமை வரை போனது. கடைசியில் 1893இல் திருத்தந்தையின் பிரதிநிதி பேராயர் பிரான்செஸ்கோ சதோலி நேரில் வந்து, கோவிலைத் திறந்து, திருச்சிலுவை சபையிடம் ஒப்படைத்தார். சொத்துப் பத்திரம் மறைமாவட்டத்துக்குப் போனது. உயிர்ப்பு சபை விலகி நின்றது. இரண்டு தரப்புக்கும் முகம் காட்ட இடம் வைத்த தீர்ப்பு. அங்கே பொறுப்பேற்ற அருட்தந்தை கசிமீர் ஸ்துச்கோ 1949 வரை பங்குத்தந்தையாக இருந்தார்.

என் கணிப்பில், இருபது ஆண்டுச் சண்டையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தீர்ப்பு 1873இலேயே சாத்தியமாக இருந்தது என்பதுதான் மனதைப் பிசைகிறது. இடையில் எத்தனை பேர் பகையோடு கல்லறைக்குப் போனார்கள்!

சிலர் திருச்சபையையே விட்டு வெளியேறினார்களாமே?

ஆம். 1895இல் சிகாகோவின் புனித ஹெட்விக் பங்கில் கலகம் வெடித்தது. அங்கே பங்குத்தந்தை வின்சென்ட்டின் தம்பி யோசப் பார்ஜின்ஸ்கி. உதவிப் பங்குத்தந்தை அந்தோனி கொஸ்வோவ்ஸ்கியின் பக்கம் திரளான மக்கள் நின்றார்கள். கைகலப்பு நடந்து காவல்துறை வந்தது. கொஸ்வோவ்ஸ்கி தனிப் பங்கு தொடங்கினார், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார், 1897இல் சுவிட்சர்லாந்தில், உரோமையிலிருந்து பிரிந்த 'பழைய கத்தோலிக்க' ஆயர்களிடம் ஆயராக அருட்பொழிவு பெற்றார்.

அதே 1897இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பங்கு ஒன்றும் பிரிந்தது. அதன் குரு பிரான்சிஸ் ஹோதுர். கொஸ்வோவ்ஸ்கி 1907இல் இறந்ததும், ஹோதுர் அதே ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஆயரானார். போலிஷ் தேசியக் கத்தோலிக்கத் திருச்சபை இப்படித்தான் உருவானது. போலிஷ் மொழியிலேயே பூசை நடத்த அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டார்கள். உரோமை அந்த இடத்துக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் திருச்சபை இன்றும் இயங்குகிறது.

எல்லாப் பிளவும் நிரந்தரமாகவில்லை. டெட்ராய்ட்டில் 1885இல் நீக்கப்பட்ட அருட்தந்தை தொமினிக் கொலசின்ஸ்கி, தன் ஆதரவாளர்களோடு மரியாவின் இனிய இருதயக் கோவிலைத் தனியாகவே கட்டினார். 1894இல் மறைமாவட்டத்தோடு சமரசமானது.

வரலாறு முழுக்க ஆண்கள்தானா? பெண்கள் என்ன செய்தார்கள்?

இந்தப் பங்கு எனக்கு நெருக்கமானதற்குக் காரணமே ஒரு பெண்தான். பெயர் ஜோசபின் துஜிக். 1860இல் பிரஷ்யப் பகுதியில் பிறந்து 1881இல் குடும்பத்தோடு சிகாகோ வந்தவர். பிழைப்புக்குத் தையல் வேலை. பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை என்ற பொதுநிலையினர் சபையின் உறுப்பினர். 1893இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்கியபோது வேலையிழந்தவர்களும் நோயாளிகளும் ஆதரவற்ற முதியவர்களும் தெருவில் நின்றார்கள். துஜிக் அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். தாயோடு வாழ்ந்த வீடு. இடமில்லாமல் போனபோது தன் படுக்கையையே கொடுத்தார்.

தோழிகள் சிலரைச் சேர்த்து ஒரு இல்லம் வாங்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பார்ஜின்ஸ்கியிடம் போய்க் கேட்டார். அவர் சம்மதித்து, துறவற சபையாகவே தொடங்கச் சொன்னார். 1894 டிசம்பர் 8 அன்று சபை பிறந்தது. இன்று சிகாகோ பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று அழைக்கப்படுகிறது. கையில் காசில்லை. பிறர் துணிகளைத் துவைத்தும் தைத்தும் முதியவர்களுக்குச் சோறு போட்டார்கள். 1898இல் சொந்தமாக ஒரு முதியோர் இல்லம் எழுந்தது. அன்னை மரிய தெரேசா என்ற துறவறப் பெயரோடு 1918இல் புற்றுநோயால் இறந்த அவரை, 1994இல் உரோமை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படியான 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது.

துஜிக்கோடு முடியவில்லை. பார்ஜின்ஸ்கியின் அழைப்பில் 1885இல் பிரான்செஸ்கா சியெத்லிஸ்காவும் நாசரேத்து திருக்குடும்பச் சகோதரிகளும் வந்தார்கள். அதே வட்டாரத்தில் 1894இல் அவர்கள் தொடங்கிய மருத்துவமனை போலிஷ் நோயாளிகளுக்குத் தம் மொழியில் பேசும் செவிலியரைத் தந்தது. பங்குப் பள்ளியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்கள் நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள். கோவிலின் கோபுரங்களைப் பற்றி எழுதியவர்களில் பாதிப்பேர்கூட இந்தப் பெண்களைப் பற்றி எழுதவில்லை.

போலிஷ் ஆயர் ஒருவர்கூட இல்லையா?

நெடுங்காலம் இல்லை. ஆயர்களில் பெரும்பாலோர் ஐரிஷ், சிலர் ஜெர்மானியர். விஸ்கான்சினைச் சேர்ந்த அருட்தந்தை வாட்ஸ்வவ் குருஷ்கா இதற்காகப் பல ஆண்டுகள் போராடி, 1904இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரை நேரில் சந்தித்தார். 1908இல் சிகாகோவின் துணை ஆயராகப் பவுல் ரோடே நியமிக்கப்பட்டார். அமெரிக்காவின் முதல் போலிஷ் ஆயர் அவர்தான்.

பிறகு வந்த பேராயர் மண்டலைன் தேசியப் பங்குகளை ஊக்குவிக்கவில்லை. எல்லோரும் சீக்கிரம் அமெரிக்கர்களாக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. போலிஷ் குருக்கள் எதிர்த்தார்கள். 1920இல் வத்திக்கான் வரை முறையீடு போனது, பலன் இல்லை.

நெடுஞ்சாலையே கோவிலுக்காக வளைந்தது என்பது கதையா?

கதையில்லை. 1950களில் சிகாகோவின் வடமேற்கு விரைவுச்சாலைக்கு வரைந்த பாதையில் இந்தக் கோவில் இருந்தது. பங்கு மக்களும் போலிஷ் அரசியல் தலைவர்களும் விடவில்லை. கோவிலுக்கு அருகிலேயே குடியிருந்த ராஸ்டென்கோவ்ஸ்கி குடும்பத்துக்கு நகர அரசியலில் நல்ல செல்வாக்கு. அந்தக் குடும்பத்து டேன் ராஸ்டென்கோவ்ஸ்கி 1958இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பாதை கிழக்கே நகர்த்தப்பட்டது. 1960இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை இன்று கென்னடி விரைவுச்சாலை. வண்டிகள் கோவிலின் பின்புறத்தை உரசிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

கோவில் தப்பியது, பங்கு தப்பவில்லை. சாலைக்காக வட்டாரத்தில் ஏராளமான வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின. இதையும் சேர்த்துச் சொல்லாமல் சாலை வளைந்த கதையை மட்டும் வெற்றிக்கதையாகச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்று அங்கே போலிஷ் மக்கள் இருக்கிறார்களா?

குறைவு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள், பங்கும் அவர்களுடையதானது. இப்போது ஆங்கிலம், ஸ்பானிஷ், போலிஷ் என மூன்று மொழிகளில் திருப்பலி. மறுபடியும் மொழி தெரியாத ஊருக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களின் கோவிலாகவே அது தொடர்ந்தது. கட்டியவர்கள் இதைக் கண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

இறை இரக்கத்தின் திருத்தலமாகவும் அது இப்போது விளங்குகிறது. இறை இரக்க பக்தியைப் பரப்பிய புனித பௌஸ்தினா போலந்துக்காரர் என்பதால் பழைய வேரும் அறுபடவில்லை.

நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளியே நின்று இரண்டு கோபுரங்களையும் பாருங்கள். ஒன்றின் உச்சி இல்லை. 1964இல் இடி விழுந்து சிதைந்தது. உள்ளே, நடுப்பீடத்துக்கு மேலே ததேயுஷ் ஜுகோதின்ஸ்கி தீட்டிய ஓவியம்: அன்னை மரியா குழந்தை இயேசுவை ஸ்தனிஸ்லாஸின் கைகளில் கொடுக்கிறார். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மியூனிக்கிலிருந்து வந்தவை. 2008இல் வைக்கப்பட்ட, மரியன்னையின் உருவம் கொண்ட சுமார் ஒன்பதடி உயரக் கதிர்ப்பாத்திரத்தின் (நற்கருணையைக் காட்சிக்கு வைக்கும் கலத்தின்) முன் நற்கருணை ஆராதனை நடக்கிறது.

கீழ்த்தளக் கோவில் திறந்திருந்தால் அங்கேயும் இறங்கிப் பாருங்கள். பிறகு நோபிள் தெருவில் தெற்கே நடந்து தமத்திரித்துவக் கோவிலுக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் முறை. அங்கே போலிஷ் மொழித் திருப்பலி இன்றும் உயிரோட்டமாக நடக்கிறது. பெரிய சனிக்கிழமை சமயத்தில் போக வாய்த்தால், முட்டை, ரொட்டி, இறைச்சி, உப்பு வைத்த கூடைகளைத் துணியால் மூடிக் குடும்பம் குடும்பமாக மந்திரிக்கக் கொண்டுவருவதையும் பார்க்கலாம்.